டப்பாவில் நாலு விரல் காலி

மார்ச் 14, வியாழன். மதியம் 1.10.

நேற்று ஒரு தப்பு செய்துவிட்டேன். சின்னத் தப்பு என்று எழுதத்தான் ஆசை. 'பவுடர் டப்பா நிரம்ப இல்லை என்று அக்கா புகார்' என்பது பதினோராவது குறிப்பு. தொழிற்சாலை ஸ்டோருக்குப் போய் டப்பாவைத் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ, ஒரு கிராம் பிசகவில்லை. உடனே குறிப்பை ரப்பரால் அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதை எழுதி முடித்தவள் பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டாள். எப்போதும் அது அங்கேயே இருப்பதால் அவளுக்குப் பென்சில் என்றே பேர் நின்றுவிட்டது. துப்பறிகிறவள் பேனாவில் எழுதினால்தான் மரியாதை என்பது மாமாவின் கட்சி. தப்பாக எழுதினால் அழிக்க வேண்டாமா என்பது இவள் கட்சி. பகலில் துப்பறியும் வேலை, சாயங்காலம் வேதியியல் வகுப்பு. இரண்டிலும் தேறுவோமா என்ற சந்தேகம் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும்.

மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவளுக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது.

"எழுதி முடிச்சாச்சா? இல்ல, அந்தக் கமாவும் உன் மனசாட்சியை உறுத்துதா?" என்றார்.

"வாங்க மாமா. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

இருவரும் படி ஏறி, இந்த வழக்கில் அவர்கள் காப்பாற்ற வேண்டிய அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அக்கா உட்காரவில்லை. வேலைக்குப் போகாத இந்தப் பத்து நாளும் அவள் உட்கார்ந்த மாதிரியே தெரியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்திருக்கும். கண்ணாடி வில்லைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பாலிஷ் போட்டவள். கேமராவுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் போகும் வில்லைகள். அவற்றில் முந்நூற்று நாற்பது வில்லைகளில் தலைமுடியைவிட மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. மேற்பார்வை வேலை கிடைக்காத ஆத்திரத்தில், பவுடரைத் தண்ணீரில் கரைத்து எல்லாரும் எடுக்கும் பாலிஷ் கூழில் அவள் மணலைக் கலந்தாள் என்று மேனேஜர் கடிதம் கொடுத்திருந்தார். நாளை அது நிரூபணம் ஆனால் வேலை போகும். அடுத்த படி போலீஸ் புகார். அதற்கப்புறம் எந்தத் தொழிற்சாலையும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

"மணல் போட்டேனாம், மணல்!" அக்கா இரண்டு கையையும் பென்சிலின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. மோதிரம் இருக்கா? வளையல் இருக்கா? இருபத்திரண்டு வருஷமா போட்டதில்ல, வில்லையில உரசிடும்னு. வாரத்துக்கு ரெண்டு தடவை நகம் வெட்டறேன். இந்தக் கை மணலைப் போடுமா?"

"போடாதுக்கா."

"அதை நீ சொல்லிப் பிரயோஜனமில்ல. டப்பா குறையுதுன்னு அன்னைக்கே கத்துனேனே, அதை எழுதுனியா?"

பென்சிலுக்குக் காது சூடானது. "எழுதினேன். எடை போட்டேன். சரியா இருந்துச்சு. அதனால... அழிச்சிட்டேன்."

அக்கா ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். அவள் கத்தியிருந்தாலே தேவலை.

"ஸ்டோர்காரனும் இதேதான் பண்ணான். தராசுல வெச்சான், சிரிச்சான். 'உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, பென்ஷன் வாங்கிட்டுப் போ'ன்னான். இருபத்திரண்டு வருஷமா அந்த டப்பாவைத் திறக்கறேன். மூடியைத் திறந்தா பவுடர் மூக்குல ஏறும், அவ்வளவு நிறைய இருக்கும். இந்த ஒன்றரை மாசமாத்தான் நாலு விரல் காலி. எடை சரின்னு சொன்னா என் கண்ணு பொய்யா?"

மாமா தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொன்னா ரெண்டு பேரும் அடிக்க மாட்டீங்களே? என் பஸ்ல ஒரு நாள் அறுபது டிக்கெட் கிழிச்சேன். திரும்பிப் பாத்தா பாதி சீட் காலி. டிக்கெட் கணக்கு சரி, சீட்டு மட்டும் காலி. செக்கர் ஏறி என்னைத் திட்டறான். அப்புறம் பாத்தா, ஒரு ஸ்கூல் கோஷ்டி, ஒருத்தர் மடியில ஒருத்தரா மூணு பேரு ஒரு சீட்டுல. அறுபதும் அறுபதுதான். நெருங்கி உக்காந்துட்டா இடம் மிஞ்சும்."

"மாமா, இப்ப ஜோக் அடிக்கிற நேரமா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

டைரியைப் புரட்டினாள். பின் பக்கத்திலிருந்து எழுதி வந்த வகுப்புக் குறிப்புகளில், மூன்று வாரத்துக்கு முந்தையது. பாலிஷ் பவுடர் என்பது ஒரு ஆக்சைடு. வெள்ளைப் பொடியைச் சூளையில் வறுத்தால் செம்மண் நிறத்தில் கிடைப்பது. சூடு பற்றாவிட்டால் துகள் மெத்தென்று இருக்கும். கண்ணாடியைத் தடவும், தேய்க்காது. சூடு மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குறுகும், இறுகும். பச்சைக் களிமண் செங்கல்லாகிற மாதிரி. அப்புறம் அது தேய்க்காது, கீறும். இதை எழுதிய அன்று, 'இது பரீட்சைக்கு வருமா?' என்று ஓரத்தில் வேறு கேட்டு வைத்திருந்தாள்.

"குறுகினா அதே எடை கம்மி இடத்துல அடங்கும்," என்றாள் மெதுவாக. "அக்கா, உங்க கண்ணு பொய் சொல்லல. என் தராசுதான் பாதி உண்மையைச் சொல்லுச்சு. மணலை யாரும் போடல. உங்க பவுடரே மணலாயிருக்கு. சூளையில சூடு மிஞ்சியிருக்கு."

"சூளையிலயா?" அக்காவின் நடை நின்றது. "ஃபேக்டரிச் சூளையைப் பாத்துக்கறவன் என் தம்பி."

அது அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அக்காவுக்காகத் துப்பறிய வேண்டும் என்று இவர்களைத் தேடி வந்ததே அந்தத் தம்பிதான்.

"அப்ப வேற யாரோ அதுல கை வெச்சிருக்கான்," என்றாள் அக்கா. குரல் பழையபடி ஏறியது. "போய்க் கண்டுபிடி. யாரா இருந்தாலும் விடாத. சின்னவன் பெரியவன்னு பாக்காத. புரியுதா?"

"புரியுதுக்கா."

*

சூளை மனிதனைவிட உயரமான இரும்புப் பெட்டி. உள்ளே செங்கல், வெளியே மீட்டர். தம்பி அதன் பக்கத்தில் நின்றபோது குதிரை பக்கத்தில் நிற்கிற ஜாக்கி மாதிரி இருந்தான். அவனுக்கும் கோபம்தான்.

"சூளையா? என் சூளையா? மேடம், நான் உங்களைக் கூட்டிட்டு வந்தது என் அக்காவைக் காப்பாத்த. என் தலையில கல்லு போட இல்ல." ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் அறைந்தான். "ஒவ்வொரு வறுப்புக்கும் சார்ட் இருக்கு. தொள்ளாயிரத்து அம்பது டிகிரி. ஒண்ணுல ஏறியிருந்தாலும் வேலையை விட்டுடறேன். பதினோரு வருஷம்! சூடு ஒரு டிகிரி ஏறினா எனக்கு மூக்குலயே தெரியும்."

"மூக்குலயே தெரிஞ்சா மீட்டரை ஏன்பா சும்மா மாட்டி வெச்சிருக்கீங்க? எடைக்குப் போட்டுடலாமே," என்றார் மாமா.

பென்சில் சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே ஒழுங்கு. திருத்தம் இல்லை, அடித்தல் இல்லை. இன்னொரு குறிப்பை அழிக்க வேண்டி வருமோ? மாமாவின் பஸ் கதையை நம்பி ஒரு மனுஷியின் பிழைப்பையே பணயம் வைத்துவிட்டோமோ?

சரி, வரிசையாகப் பார்ப்போம் என்று சூளையை இடமிருந்து வலமாகச் சுற்றினாள். கதவு. கீல். பூட்டு. பக்கச் சுவரில் ஒரு துளை. துளையிலிருந்து பீங்கான் குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சூட்டை மீட்டருக்குச் சொல்கிற சென்சார் கம்பி அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

குழாயின் வெளி முனை வெள்ளை வெளேர் என்று இருந்தது. சுவரை ஒட்டிய பகுதி பழுப்பேறிக் கறுத்திருந்தது. பென்சில் தன் விரல்களை வைத்து அளந்தாள். சுவருக்கு வெளியே, நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

"மாமா, இதைப் பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். "இது நெருப்புல நிக்கிற பக்கம் கறுக்கும், வெளியில நிக்கிற பக்கம் வெளுப்பா இருக்கும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா கறுத்த பக்கம் நாலு விரல் வெளியில நிக்குது."

"அதாவது வாசப்படியே தாண்டாதவன் செருப்புல சேறு." மாமா நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இதை யாரோ வெளிய இழுத்திருக்கான்."

பென்சில் திரும்பினாள். "தம்பி, இதை யாரு இழுத்தது?"

தம்பி குழாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இடிச்சுதுங்க," என்றான்.

"எது?"

"ஜனவரி கடைசியில புதுத் தட்டு வந்துச்சு, அகலமா. அஞ்சு தட்டு ஏத்தற இடத்துல ஏழு ஏத்துன்னு மேனேஜர் சொன்னாரு. ஏத்தினா குழாய்ல இடிக்குது. உடைஞ்சிடும் சார்னேன். 'இடிக்கிறதை நகர்த்திக்கோ, இதெல்லாம் என்கிட்ட கேப்பியா'ன்னாரு. அதான்... கொஞ்சம் இழுத்து விட்டேன். மீட்டர் வேலை செஞ்சுட்டுத்தானே இருக்குன்னு..."

"வேலை செஞ்சுச்சு. அதுதான் கெட்டது." பென்சிலுக்குத் தன் குரலே கடினமாகக் கேட்டது. "கம்பியோட நுனி இப்ப சூளைக்கு நடுவுல இல்ல. சுவத்துச் செங்கல்லுக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கு. அங்க சூடு கம்மி. 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு சொல்லிட்டே இருக்கு. அதை நம்பி சூளை ஏத்திட்டே இருக்கு. செங்கல்லுக்குள்ள தொள்ளாயிரத்து அம்பது வரும்போது உள்ள என்ன இருக்கும்?"

"கடைசி சீட்டுல தூங்கறவன்கிட்ட ஸ்டாப் வந்துடுச்சான்னு கேட்ட கதை," என்று மாமா முணுமுணுத்தார்.

தம்பி தட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, கையில் இருந்த கையுறையைச் சூளைக் கதவில் ஓங்கி அடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. "என் அக்கா மேல நானே மண்ணைப் போட்டிருக்கேன். கூலி குடுத்து அதைக் கண்டுபிடிக்க ஆளும் கூட்டிட்டு வந்திருக்கேன்!"

*

மேனேஜரின் அறைக்கும் பாலிஷ் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பத்தொன்பது பெண்கள் பத்தொன்பது சக்கரங்களில் குனிந்திருந்தார்கள். இருபதாவது சக்கரம் அக்காவுடையது. அதன் மேல் துணி போர்த்தியிருந்தது.

பென்சில் சொன்னதை எல்லாம் மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினார். முடிந்ததும் புன்னகைத்தார்.

"பிரமாதம். அப்ப அக்கா மணல் போடல. தம்பி சூளையைக் கெடுத்து மணலாக்கிக் குடுத்தான். குடும்பத் தொழில்." பேனா மூடியைக் கழற்றினார். "கடிதத்துல ஒரு பேர் சேத்துடறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒருத்தியைக் காப்பாற்ற வந்து இரண்டு பேரைக் குழியில் தள்ளிவிட்டாள். பென்சிலுக்குக் கண் எரிந்தது. அது அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படி ஒரு ஆத்திரம் தனக்குள் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

"ஏழு தட்டு ஏத்தச் சொன்னது நீங்க."

"எழுத்துல இருக்கா?"

"குழாயை நகர்த்தச் சொன்னது நீங்க."

"எழுத்துல இருக்கான்னு கேட்டேன். ஏம்மா, கூழ்ல கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா அந்தப் பொம்பளை மேல ஏன் கடிதம் குடுக்கப் போறேன்? தெரியாமத்தானே குடுத்தேன்? ஒரு மனுஷன் தெரியாம செஞ்சதுக்கு..."

"சார்," என்றார் மாமா.

மாமா அறையின் மூலையில் இருந்தார். அங்கே ஒரு சின்ன மேஜை, ஒரு சின்னப் பாலிஷ் சக்கரம். வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் மாதிரி வில்லைகளுக்குக் கடைசி மெருகு போடுகிற இடம். தம் டீ கிளாஸை வைக்க இடம் தேடியவர், அங்கே இருந்த பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மூக்கு நுனியில் செம்மண் நிறத்தில் பவுடர்.

"தும்மல் வருது சார். மூடியைத் திறந்தா மூக்குல ஏறுதே. நம்ம அக்கா சொன்ன மாதிரியே."

பென்சில் இரண்டு எட்டில் அங்கே போனாள். டப்பா விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நாலு விரல் இல்லை, ஒரு விரல் நகம்கூட காலி இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை அவள் சத்தமாகப் படித்தாள்.

"வறுத்த தேதி, ஜனவரி ஒம்பது. புதுத் தட்டு வர்றதுக்கு முன்னாடி. ஸ்டோர்ல இருந்து எடுத்த தேதி, பிப்ரவரி இருபது. எடுத்தவர் கையெழுத்து..." நிமிர்ந்தாள். "உங்களோடது."

மேனேஜர் எழுந்தார். "அது மாதிரிக்கு..."

"பிப்ரவரி இருபத்தொண்ணாம் தேதி அக்கா ஸ்டோருக்குப் போய்ப் பழைய டப்பா ஒண்ணு குடுங்கன்னு கெஞ்சியிருக்காங்க. தீந்துடுச்சுன்னு சொல்லியிருக்காங்க. என்கிட்ட குறிப்பு இருக்கு, ஏழாவது. முந்தின நாளே நீங்க எடுத்து வெச்சுட்டீங்க. வெளிய போற வில்லைக்கு நல்ல பவுடர், உள்ள இருக்கறவங்களுக்குக் கல்லு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா பிரிச்சு வெச்சீங்க? அக்காவுக்குக் கடிதம் குடுத்தது மார்ச் நாலு. பன்னண்டு நாள் தெரிஞ்சு வெச்சுட்டுக் குடுத்திருக்கீங்க!"

"டப்பாவை வெச்சுட்டு வெளிய போ."

"போறேன்," என்றாள் பென்சில். டப்பாவை வைக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிப் பாலிஷ் கூடத்துக்குள் போனாள். கூட்டத்துக்கு நடுவே நாலு வார்த்தை பேசச் சொன்னால் நடுங்குகிறவள்தான். கோபம் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

"யாராவது ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுங்க!"

முதல் சக்கரத்துப் பெண் தன் குடிதண்ணீர் டம்ளரைக் கொடுத்தாள். இரண்டாவது பக்கத்திலிருந்து வந்தது. பென்சில் ஒன்றில் அவர்கள் மேஜையில் இருந்த பவுடரைப் போட்டாள், இன்னொன்றில் மேனேஜர் டப்பாவில் இருந்ததை. இரண்டும் ஒவ்வொரு ஸ்பூன். இரண்டையும் கலக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

இரண்டுமே கலங்கலாகத்தான் இருந்தன. அரை நிமிஷம் போனது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு மேஜைப் பவுடர் போட்ட டம்ளரின் மேல்மட்டம் தெளிந்தது. ஒரு விரல், இரண்டு விரல். கனத்த துகள்கள் மளமளவென்று அடியில் படிந்தன. மாமா ஐந்து நிமிஷம் என்று சொல்லும்போது அந்த டம்ளர் வழியாக வெளியே நின்ற சைக்கிள் தெரிந்தது. மற்றது அப்படியே செம்மண் குழம்பு மாதிரி நின்றது.

"தெளிஞ்சது நீங்க பாலிஷ் போடறது," என்றாள் பென்சில். "தெளியாதது அவர் ஒளிச்சு வெச்சது. இதுலதான் நீங்க ஜனவரி வரைக்கும் போட்டீங்க."

ஒரு சக்கரம் நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக நிற்க நிற்கக் கூடத்தின் இரைச்சல் படி இறங்கிப் போனது.

"எனக்கு மூணு நாள் கூலி பிடிச்சாங்க, கீறல்னு!" என்றாள் ஒருத்தி.

"என்னைக் கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னான்!"

"அவளைத் திருடி மாதிரி வாசல்ல பையைத் திறக்கச் சொன்னீங்களே சார், அப்ப இது உங்க மேஜையிலதானே இருந்துச்சு?"

"மெஷினை ஆன் பண்ணுங்க," என்றார் மேனேஜர். யாரும் பண்ணவில்லை. "ஆன் பண்ணுங்கன்னு சொன்னேன்!"

"பஸ் பிரேக் டவுன் சார்," என்றார் மாமா. "பிரயாணிகள் இறங்கிட்டாங்க."

முதல் சக்கரத்துப் பெண் டப்பாவை வாங்கி மூடினாள். மூடியின் மேல் குறுக்காக ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். பத்தொன்பது பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி கோபத்தில் அழுத்தியதில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. மேலே இன்னொன்று ஒட்டி மறுபடி போட்டாள்.

*

வாசலில் அக்கா நின்றிருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருந்தாள். தம்பி அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றான். எல்லாவற்றையும் அவனே சொல்லி முடித்திருந்தான். டப்பா, மேனேஜர், கடைசியில் குழாய்.

"மேனேஜர் செஞ்சது மட்டும் நாளைக்குப் போதும்கா," என்றாள் பென்சில். "குழாயை யாரு இழுத்தாங்கன்னு நான் சொல்லணும்னு இல்ல. எழுதினதை..." கை தன்னால் ரப்பரைத் தேடியது.

"அழிக்கப் போறியா? மறுபடியுமா?" அக்காவின் குரல் சுள்ளென்று விழுந்தது. "யாரா இருந்தாலும்னு நான் சொன்னேனா இல்லையா? நாளைக்கு அந்த ஆளு முதல்ல கேக்கறது 'குழாயை யாரு இழுத்தது'ன்னுதான். நாம மறைச்சா நம்மளும் அவனும் ஒண்ணு." தம்பி பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷம் மூக்கு மூக்குன்னு பீத்திக்கிட்டியே, வாய் எங்கடா போச்சு? இடிக்குதுன்னா உரக்கச் சொல்ல வேண்டியதுதானே? அவன் நகர்த்துன்னா நகர்த்திடுவியா?"

"தப்புதான்க்கா."

"என்கிட்ட சொல்லாத. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க சொல்லு. யாரு சொல்லி இழுத்தேன்னும் சேத்துச் சொல்லு. எழுத்துல இல்லைன்னா என்ன, உனக்கு வாய் இருக்கு." அவள் கோபம் தணியவில்லை. ஆனால் அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த செங்கல் தூசியைத் தட்டிவிட்டாள், அடிப்பது போலவே. "நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருப்பேன்."

வகுப்புக்கு இருபது நிமிஷம் தாமதமாகிவிட்டது. பஸ்ஸின் கடைசி சீட்டில் பென்சில் டைரியைத் திறந்தாள். பிறகு ரப்பரை எடுத்து மாமாவின் சட்டைப் பையில் போட்டாள்.

"எனக்கெதுக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நீங்க வெச்சுக்கோங்க."

அவள் எழுதினாள்.

பதினோராவது குறிப்பு, மறுபடி: டப்பா நிரம்ப இல்லை என்று அக்கா சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

நாளை, வெள்ளி. எட்டு மணிக்குச் சூளை அறைக்குப் போய், விசாரணை அதிகாரி பார்க்கும் வரை குழாயை யாரும் தொடாமல் வாசலில் நிற்க வேண்டும். அளவுகோல் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி டம்ளர் இரண்டு. பத்து மணிக்கு முதலில் தம்பி பேசுவான்.